சரிவில் நிற்கும் வண்டி



மலைநாட்டு வண்டிகளைப் பற்றிப் பேச்சு எழும் இடமெல்லாம் அவற்றின் ஏறுந்திறமே புகழப்படும். எவ்வளவு பாரத்தோடு ஏறிற்று, எந்தச் சேற்றைக் கடந்தது, எத்தனை வளைவுகளைத் திரும்பிற்று என்றே கேட்பர். ஏறிய வண்டி அங்கே எவ்வாறு நின்றது என்று கேட்பவர் அரியர். அப்புத்தளையைச் சூழ்ந்த தோட்டங்களில் அக்கேள்வி சிறியதன்று. பாரம் ஏற்றவும் இறக்கவும் பழைய லாண்ட் ரோவர் ஒன்று சரிவிலேயே நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. அவ்வேளையில் சாரதி பெரும்பாலும் தம் ஆசனத்தில் இருப்பதில்லை. வண்டியின் பின்னாலோ உரச் சாக்கை இறக்குவோரும், மரக்கறி மூட்டையை ஏற்றுவோரும், கொழுந்துப் பையை நீட்டுவோரும் நிற்கின்றனர். கைப்பிரேக் என்னும் கருவி மெய்யாக அவர்களுக்காகவே இருக்கிறது.

அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், ஒடுங்கிய மலைமுதுகொன்றின் மேல் அமர்ந்த ஊர். ஒருபுறம் பெரகலைக்கு இறங்கி, அங்கிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவை நோக்கித் தாழும் பாதை. மறுபுறம் தம்பேதன்னை. 1890 இல் தோமஸ் லிப்டன் நிறுவிய தேயிலைத் தொழிற்சாலை இன்றும் அங்கே நிற்கிறது. அதற்கு மேல், லிப்டன் சீட் எனப்படும் முகடு வரை ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் தூரம் தேயிலைச் செடிகளுக்கிடையே பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. இப்பாதைகளில் வண்டி நிற்குமிடத்தை நிலம் தெரிவு செய்வதில்லை. வேலையே தெரிவு செய்கிறது. கொழுந்து மடுவம் எங்கே உள்ளதோ, லயத்துக்குப் போகும் படிக்கட்டு எங்கே தொடங்குகிறதோ, அங்கே வண்டி நிற்க வேண்டும். அது சமதரையாக வாய்ப்பது அரிது.

இவ்வண்டிகளின் பிறப்பையும் சிறிது சொல்ல வேண்டும். 1948 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் லாண்ட் ரோவர் முதன்முதலாக உலகின் முன் வைக்கப்பட்டது. போர்க்கால அமெரிக்க ஜீப்பைக் கண்டு, உழவருக்குப் பயன்படும் வண்டியாக ஆக்கப்பட்டது அது. ஜீப்பின் முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 80 அங்குலம். முதல் லாண்ட் ரோவருக்கும் அதுவே. மலைநாட்டு மக்கள் இரண்டையும் ஜீப் என்றே அழைத்தனர். அப்பெயர் இன்றும் மாறவில்லை. பழைய வகையின் மூன்றாம் தொடர் 1985 வரை செய்யப்பட்டது. இந்தியாவின் மேற்கு வங்காளத்தில் மனேபஞ்சாங் என்னும் சிற்றூரிலிருந்து 3,636 மீற்றர் உயரமுள்ள சந்தக்பு முகட்டுக்கு, 31 கிலோமீற்றர்ப் பாதையில் இத்தகைய வண்டிகள் பல பத்தாண்டுகளாக ஏறி வந்துள்ளன. இலங்கை மலைநாட்டின் பழைய ஜீப்புகளும் அவற்றின் உடன்பிறப்புகளே.

எழுபது ஆண்டு வாழ்ந்த வண்டி பிறந்த மேனியாகவே இருக்கும் என்று எவரும் எதிர்பார்க்க முடியாது. பெற்றோல் எஞ்சின் போய் ஜப்பானிய டீசல் எஞ்சின் வந்திருக்கும். கியர் பெட்டி வேறொரு லொறியினுடையதாக இருக்கும். பின் அச்சு கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் விற்கும் கடையொன்றிலிருந்து வந்திருக்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டியைக் கைவிட நினைத்தவரும் அதையே செப்பனிட்டு ஓட்ட நேர்ந்தது. இம்மாற்றங்களைச் செய்யும் கராஜ் மெக்கானிக்குகளின் கைத்திறம் வியக்கத்தக்கது. ஆயினும் ஒரு குறை பரவலாகக் காணப்படுகிறது. எஞ்சினைப் பற்றி ஒரு மாதம் யோசிக்கும் உரிமையாளர், கைப்பிரேக்கைப் பற்றி வண்டி முடிந்த பின்னரே நினைக்கிறார்.

பழைய லாண்ட் ரோவரின் கைப்பிரேக் சாதாரணக் காரினுடையதைப் போல் பின் சக்கரங்களில் இல்லை. வண்டியின் நடுவே, கியர் பெட்டிக்குப் பின்னுள்ள மாற்றுப் பெட்டியின் வாயிலில், பின்புறம் செல்லும் சுழல்தண்டின் தலைப்பில், 9 அங்குல விட்டமுள்ள டிரம் ஒன்று இருக்கிறது. கைப்பிடியை இழுத்தால் அந்த டிரம்மினுள் இரு பிரேக் கட்டைகள் விரிந்து தண்டைப் பிடிக்கின்றன. தண்டு சுழலாவிட்டால் பின் அச்சும் சுழலாது. பழைய வில்லிஸ் ஜீப்பிலும் கைப்பிரேக் இதே இடத்திலேதான்.

இவ்வளவு சிறிய டிரம் இத்துணைப் பெரிய வண்டியை எவ்வாறு தாங்குகிறது? பின் அச்சிலுள்ள பற்சக்கரங்கள், தண்டு 4.7 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலுமாறு அமைந்தவை. ஆகவே சக்கரத்தில் தோன்றும் திருகுவிசை தண்டை அடையும்போது 4.7 இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம். பாரத்தோடு 2,000 கிலோகிராம் எடையுள்ள வண்டி, ஐந்தடிக்கு ஓரடி ஏறும் சரிவில் நிற்பதாகக் கொள்வோம். அதைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 390 கிலோகிராம் எடைக்குச் சமம். இவ்விழுப்பைத் தடுக்க, தண்டிலுள்ள டிரம்மின் விளிம்பில் ஏறத்தாழ 260 கிலோகிராம் அளவு உராய்வு இருந்தால் போதும். அதே அளவு டிரம்களைப் பின் சக்கரங்களில் வைத்திருந்தால், இரண்டிலும் சேர்த்து 1,200 கிலோகிராமுக்கு மேல் வேண்டியிருக்கும். நெம்புகோலின் நீண்ட முனையைப் பிடித்தவனுக்குக் கிடைக்கும் வசதி இதுவே.

வண்டியை மாற்றியமைக்கும்போது இக்கணக்குக் குலைகிறது. புதிய டீசல் எஞ்சின் மெதுவாகச் சுழல்வது. ஆகவே வேகம் வேண்டி, பின் அச்சில் 4.7 க்குப் பதிலாக ரேஞ்ச் ரோவரின் 3.54 என்னும் பற்சக்கரத் தொகுதியை இடுவோர் உண்டு. எஞ்சினுக்கு அது நல்ல மாற்றமே. டிரம்முக்கோ, முன்பு 260 கிலோகிராம் போதுமாயிருந்த இடத்தில் இப்போது 350 வேண்டும். அதனோடு தோற்றத்துக்காகப் பெரிய டயர்களையும் மாட்டினால் தேவை 390 வரை ஏறிவிடும். அதாவது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பிரேக்கில் எவரும் கை வைக்கவில்லை. ஆயினும் அதன் பலம் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கைப்பிடி பழைய இடத்திலேயே நிற்கும், பழைய ஓசையே எழுப்பும், சமதரையில் வண்டி அசையாமலும் இருக்கும். பாரம் ஏற்றி மலையில் நிறுத்தும் நாளில்தான் குறை வெளிப்படும்.

இவ்வகைப் பிரேக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. அதை அறியாதார் பலர். பின் அச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷல் என்பது தராசுக் கோல் போன்றது. கோலை நடுவில் அசையாமற் பிடித்தாலும், ஒரு தட்டு உயர மறு தட்டுத் தாழும். அவ்வாறே தண்டைப் பிரேக் பிடித்திருந்தாலும், ஒரு பின் சக்கரம் நிலத்தை விட்டு உயர்ந்தால் அது பின்னோக்கிச் சுழல, மற்றது முன்னோக்கி உருளலாம். டயர் மாற்றுவதற்காக ஒரு பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தியவுடன், கைப்பிரேக் முழுவதும் இழுத்த நிலையிலேயே வண்டி நழுவுவதற்கு இதுவே காரணம். அதைவிடக் கொடியது அரை அச்சு முறிதல். பழைய லாண்ட் ரோவரின் பின் அரை அச்சுகள் மெலிந்தவை; கூடுதல் வலுவுள்ள எஞ்சினைப் பொருத்திய பின் அவை மேலும் எளிதாக முறியும். ஒன்று முறிந்தால் எஞ்சினின் இழுவையும் இல்லை, பின் அச்சின் வழியாகக் கைப்பிரேக்கின் பிடியும் இல்லை. ஏற்றத்தின் நடுவில் இது நிகழ்ந்தால், சாரதி கைப்பிரேக்கை நம்பி இறங்கிவிடக் கூடாது.

இதற்கு வண்டியிலேயே ஒரு மருந்து உண்டு. தாழ்ந்த கியர்த் தொகுதிக்குரிய சிவப்புக் கைப்பிடியை இழுத்தால் முன் அச்சும் தானே இணைந்துவிடும். அப்போது தண்டிலுள்ள ஒரே டிரம் நான்கு சக்கரங்களையும் கட்டுகிறது. ஆனால் எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு, முன் சக்கரக் குடங்களில் தனித்தோடும் பூட்டுகளைப் பலர் பொருத்தியுள்ளனர். அவை திறந்திருந்தால் முன் அச்சு இணைந்தும் பயனில்லை. முன் சக்கரங்கள் தம் போக்கில் உருளும். சரிவில் நிறுத்தும் பழக்கமுள்ள வண்டிக்கு அப்பூட்டுகள் எப்போதும் மூடியே இருப்பது நலம். சேமிக்கும் எண்ணெய் அவ்வளவு பெரிதன்று.

இனி, வண்டியை மாற்றியமைப்பவர் முன்னுள்ள வழிகள் யாவை என்று பார்க்கலாம்.

முதலாவது, பழைய டிரம்மையே செம்மையாக வைத்துக்கொள்ளுதல். இதைச் சிலர் ஏளனமாக நோக்குவர், அது தவறு. இதன் பெரும் பகை மாற்றுப் பெட்டியிலிருந்து கசியும் எண்ணெயே. தண்டு வெளிவரும் வாயிலிலுள்ள எண்ணெய் அடைப்பான் தேய்ந்தால், எண்ணெய் நேரே டிரம்மினுள் போகும். நனைந்த பிரேக் கட்டைகளைத் துடைத்துத் திரும்ப மாட்டுவது வீண் வேலை. அடைப்பானை மாற்றி, டிரம்மைக் கழுவி, புதிய கட்டைகளை இட வேண்டும். பெட்டிக்குள் காற்றுப் போய்வரும் சிறு துளை சேற்றால் அடைந்திருந்தால், உள்ளழுத்தம் மிகுந்து புதிய அடைப்பானும் விரைவில் கசியும். ஆதலால் அதையும் திறந்துவிட வேண்டும். சரிசெய்யும் திருகைக் கட்டைகள் இறுகும் வரை திருகி, பின் இரண்டு சொடுக்கு தளர்த்த வேண்டும் என்பது பழைய முறை. கைப்பிடியை இழுத்த பின்னும் வண்டி ஓரிரு அங்குலம் அசைந்தே நிற்கும். தண்டின் இணைப்புகளிலும் பற்சக்கரங்களிலும் உள்ள தளர்ச்சியே அவ்வசைவு, பிரேக்கின் குற்றமன்று. அதைப் போக்குவதாக எண்ணிக் கைப்பிரேக் கம்பியை மேலும் மேலும் இறுக்குவோர், ஓடும் வண்டியில் கட்டைகளை உரசவிட்டுக் கருக்கிவிடுகின்றனர். ஓடும்போது இந்தப் பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்த முயல்வதும் ஆகாது. அந்த அதிர்ச்சி முழுவதும் மெலிந்த அரை அச்சுகளில் இறங்கும்.

இரண்டாவது வழி, அதே இடத்தில் டிரம்முக்குப் பதிலாகத் தட்டுப் பிரேக்கைப் பொருத்துதல். மேனாடுகளில் இதற்கென்றே ஆக்கிய தொகுதிகள் விற்கின்றன. சேறும் நீரும் உள்ளே தேங்கி நிற்பதில்லை, பார்வையிடுவதும் எளிது. ஆயினும் டிரம்மின் கட்டைகளுள் ஒன்று சுழற்சியாலேயே மேலும் இறுகிப் பிடிப்பது போலத் தட்டுப் பிரேக் தானாக இறுகுவதில்லை. முழு அழுத்தத்தையும் கைப்பிடியே தர வேண்டும். மேலும், சூடேறிய தட்டு ஆறும்போது சிறிது சுருங்கும். அதனால் பிடி தளரும். நிறுத்தும்போது உறுதியாக நின்ற வண்டி அரைமணி கழித்து நகரக்கூடும். டிபரன்ஷலால் வரும் குறைகளும் இதில் தீர்வதில்லை.

மூன்றாவது வழி, பின் சக்கரங்களிலேயே கம்பியால் இயங்கும் பிரேக். ஜப்பானிய வண்டியொன்றின் பின் அச்சை முழுமையாகப் பொருத்துவோர்க்கு இதுவே சிறந்தது. சக்கரத்தையே பிடிப்பதால் அரை அச்சு முறிந்தாலும் பிடி போகாது. ஒரு சக்கரத்தை உயர்த்தினாலும் மற்றது நழுவாது. இங்கே ஒரு பொறி உண்டு. ஜப்பானியச் சிறு லொறிகள் பலவற்றில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டியின் பின்வாயிலில் இருக்கிறது. அத்தகைய லொறியின் பின் அச்சை வாங்கினால், அதன் டிரம்களுக்குள் கைப்பிரேக்குக்கு வேண்டிய நெம்புகளே இரா. மாற்றுப் பெட்டியையும் அதே வேளையில் மாற்றியவர், பழைய டிரம்மையும் இழந்து, வேலை முடியும்போது கைப்பிரேக்கே இல்லாத வண்டியோடு நிற்பார். ஆகவே வாங்கும் முன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, இந்த அச்சு பிறந்த வண்டியில் கைப்பிரேக் எங்கே இருந்தது என்பதே. விலையை அதற்குப் பின் கேட்கலாம்.

இம்முறையில் கம்பியின் வழியும் கவனத்துக்குரியது. பள்ளத்தில் அச்சு தாழும்போதும் மேட்டில் உயரும்போதும் கம்பி இழுபடாமலும் தொய்யாமலும் இருக்குமாறு அதைக் கொண்டுசெல்ல வேண்டும். உறைக்குள் புகுந்த சேறு உலர்ந்தால் கம்பி ஒட்டிக்கொள்ளும். ஒரு சக்கரம் பிடிக்க, மற்றது பிடிக்காது. ஊவாவின் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மாதம் ஒருமுறை கம்பிக்கு எண்ணெயிடுவது மிகையான பராமரிப்பன்று.

காற்பிரேக்கின் எண்ணெய் அழுத்தத்தைக் குழாயில் பூட்டிவைக்கும் ஒரு கருவியும் விற்கப்படுகிறது. மிதியை அழுத்தி, விசையைத் திருப்பினால் நான்கு சக்கரங்களும் பிடித்தபடி நிற்கும். பொருத்துவதும் எளிது, செலவும் குறைவு. ஆகவே விரும்புவோர் பலர். இதைக் கைப்பிரேக்காகக் கொள்வது பெரும் பிழை. எண்ணெய் ஆறினால் அழுத்தம் குறையும். ஒரு ரப்பர் வளையம் கசிந்தாலும் குறையும். பழைய லாண்ட் ரோவரின் பிரேக் குழாய்கள் ஒரே சுற்றாக அமைந்தவை. ஓரிடத்தில் ஒழுகினால் எல்லாம் போகும். நிறுத்திய வண்டியைப் பிடிக்கும் உறுப்பு முற்றிலும் இயந்திரப் பூட்டினாலேயே பிடிபட்டிருக்க வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளில் உள்ள நிபந்தனை. கார்களும் சிறு சரக்கு வண்டிகளும் முழுப் பாரத்தோடு நூற்றுக்கு 20 அளவான சரிவில், ஏற்றமாயினும் இறக்கமாயினும், நிற்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு. மேலே கணக்கிட்ட ஐந்தடிக்கு ஓரடி என்பதும் அதே அளவே.

மின்மோட்டாரால் கம்பியை இழுக்கும் புதுமுறைக் கருவிகளைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. மின்கலம் என்றும் நலமாக உள்ள வண்டிக்கு அவை பொருந்தும்.

எந்த வழியைத் தெரிந்தாலும், சோதிக்காமல் ஏற்பது கூடாது. வெறும் வண்டியைக் கராஜ் வாயிலில் நிறுத்திப் பார்ப்பது சோதனையன்று. முழுப் பாரத்தோடு, வழக்கமாக நிறுத்தும் சரிவுகளுள் மிகச் செங்குத்தானதில், சாரதி ஆசனத்திலிருக்க, சக்கரங்களுக்குக் கீழ்ப்புறம் ஓரடி தள்ளிக் கட்டைகளை வைத்து, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, மெல்லக் காலை எடுக்க வேண்டும். முகம் மேல்நோக்கி ஒருமுறை, கீழ்நோக்கி ஒருமுறை. பின், ஒரு மணி நேரம் அப்படியே விட்டுப் பார்க்க வேண்டும். அந்நேரத்தில் வண்டியின் முன்னோ பின்னோ எவரும் நிற்கலாகாது.

கட்டை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. முட்டுக்கட்டை என்னும் சொல்லை இக்காலத்தார் நற்காரியத்தைத் தடுக்கும் செயலுக்கே வழங்குகின்றனர். தேரோட்டம் கண்டவர் அதன் முதற்பொருளை அறிவர். இழுப்போர் நூறு பேராயினும், சக்கரத்தடியில் கட்டையிடுபவரின் கையில்தான் தேரின் ஓட்டமும் திருப்பமும் நிற்பும் உள்ளன. அவர் கட்டையைச் சக்கரத்தின் வளைவுக்கு ஏற்பச் செதுக்கியிருப்பார். பிடிக்கக் கழியும் வைத்திருப்பார். தோட்டத்து ஜீப்புக்கோ, வழியில் அகப்பட்ட கல்லே முட்டு. கல் வழுக்கும், உருளும், உடையும். அதைவிடப் பெரிய தீங்கு, வண்டி புறப்பட்ட பின் அக்கல் வளைவின் நடுவிலேயே கிடப்பது. மாலை இருட்டில் முச்சக்கர வண்டியோ மோட்டார்ச் சைக்கிளோ அதில் மோதும். பழைய தேயிலை மரமோ கருப்பந்தேக்கோ கிடைத்தால் ஆப்பு வடிவில் இரண்டு கட்டைகளைச் செதுக்கி, கயிற்றால் வண்டியோடு இணைத்துவைப்பது ஒரு பிற்பகல் வேலை. கயிறு இருந்தால் மறந்து விட்டுச்செல்லவும் முடியாது.

நிறுத்தும் முறையும் எளியதே. முன் சக்கரங்களை மண்மேட்டின் பக்கம் திருப்பி, கைப்பிரேக்கை இழுத்து, தாழ்ந்த தொகுதியின் முதற் கியரில் எஞ்சினை நிறுத்தி, கீழ்ப்புறச் சக்கரத்தோடு ஒட்டக் கட்டையை வைத்த பின்னரே பின் கதவைத் திறக்க வேண்டும். இவ்வரிசையை மாற்றிக் கதவை முதலில் திறக்கும் வழக்கமே இன்று மிகுதி. வண்டி நின்ற ஓசை கேட்டதும் ஆட்கள் பின்னால் ஓடி வருகின்றனர்; மழை தூறினால் இன்னும் விரைவாக வருகின்றனர். கட்டை வைத்தாயிற்று என்று சாரதி குரல் கொடுக்கும் வரை எவரும் நெருங்குவதில்லை என்னும் ஒழுங்கைக் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் நிலைநாட்ட வேண்டும்.

மடுவத்தருகே ஒரு வண்டி நீளத்துக்குத் தரையைச் சமன்செய்து தருவதும் தோட்ட நிருவாகத்துக்குப் பெருஞ்செலவன்று. மண்மேட்டுப் பக்கம் சிறிது சாய்வாக வெட்டி, நீர் தேங்காமல் ஓரத்தில் காண் அமைத்து, கீழ்ப்புற முனையில் அரையடி உயரத்துக்கு ஒரு வரம்பு கட்டினால், பழைய ஜீப்புக்கு மட்டுமன்றி, கொழுந்து ஏற்றவரும் லொறிக்கும் டிராக்டருக்கும் அவ்விடமே உதவும்.